வாசகர் கேள்விகள்: யார் விட்ட புகைக்கு யார் பணம் கட்டுவது?

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "பூமி சூடாவதற்கு முதல் பொறுப்பு பணம் குவித்தவர்களுடையது" என்று ஒரு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். பாராட்டு கொஞ்சம், ஏச்சு நிறைய. ஆகவே சினிமா, கிரிக்கெட், தேர்தல் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்ருட்டி: எங்கள் தெருப் பள்ளியில் சுற்றுச்சூழல் தினத்தன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "பூமி சூடாவதற்கு நாம் ஒவ்வொருவரும் காரணம்" என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அதில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு லைட்டு, அவ்வளவுதான். அவர்களும் காரணமா ஐயா?

இல்லை அம்மா. அந்த உறுதிமொழியை எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2019-ஆம் வருடத்து நிலவரத்தை வைத்து ஆக்ஸ்ஃபாம் என்கிற சர்வதேசத் தொண்டு நிறுவனம் 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலக மக்களில் மேல்தட்டு 1 சதவீதம், அதாவது சுமார் 7.7 கோடிப் பேர், வெளியே விட்ட கரியமில வாயு மொத்தத்தில் 16 சதவீதம். அடித்தட்டில் இருக்கிற 66 சதவீதம், ஏறக்குறைய 500 கோடிப் பேர், எல்லாரும் சேர்ந்து விட்டதும் அதே அளவுதான். இந்த 1 சதவீதம் என்றதும் அம்பானியும் எலான் மஸ்க்கும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 1,40,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிற எல்லாரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள், கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலையில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலரையும் சேர்த்து. அதற்கும் மேலே போகப் போக ஆளுக்கு விழும் புகை ஏறிக்கொண்டே போகும்.

நாடு வாரியாகப் பார்த்தாலும், ஓர் இந்தியருக்கு வருடத்தில் சராசரி சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14. உங்கள் தெருப் பிள்ளையின் வீடு அந்த 2 டன்னுக்கும் எவ்வளவோ கீழே.

இந்த "ஒவ்வொருவரும்" என்கிற பேச்சை ஊர் முழுக்கக் கொண்டுபோனதில் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி.க்குப் பெரிய பங்கு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றை வைத்து, "உங்கள் கார்பன் தடம் எவ்வளவு?" என்று (அதாவது, நீங்கள் ஓர் ஆளாக எவ்வளவு கரியமில வாயு விடுகிறீர்கள் என்று) மக்களிடம் கேட்டு விளம்பரம் செய்தார்கள், 2004-ல் இணையத்தில் அதற்கென்று ஒரு கணக்குப் பெட்டியே வைத்தார்கள். தோண்டி விற்கிறவர் வாங்குகிறவனைப் பார்த்து "நீ எவ்வளவு எரித்தாய்?" என்று கேட்கிறார், நாமும் குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரிச்சர்ட் ஹீடி என்ற அமெரிக்க ஆய்வாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எரித்தது யார் என்பது இருக்கட்டும், தோண்டியது யார்? பல வருடம் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டி அவர் கண்டது, 1751 முதல் 2010 வரை தொழில்துறை வெளியிட்ட கரியமில வாயு, மீத்தேனில் சுமார் 63 சதவீதம் வெறும் 90 பெரிய நிறுவனங்கள், அரசுத் துறைகள் தோண்டிய நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அப்புறம் அவை செய்த சிமென்ட், இவற்றிலிருந்து வந்தது. அதிலும் பாதி 1986-க்குப் பிறகு.

அடுத்த ஜூன் 5-க்கு உறுதிமொழிக்குப் பதிலாக இதைக் கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்குக்கு நல்ல பயிற்சி.

இல்லத்தரசி, காரைக்குடி: நான் எங்கே போனாலும் மஞ்சப்பை எடுத்துப் போகிறேன். பயன் உண்டா?

உண்டு, சாக்கடைக்கும் மாட்டுக்கும். பிளாஸ்டிக் அடைத்துத் தெருவில் தண்ணீர் நிற்காது, மாடு அதைத் தின்று சாகாது. அதற்காகவே எடுத்துப் போங்கள். ஆனால் பூமி சூடாவதை மஞ்சப்பை தடுக்கும் என்று யாராவது சொன்னால், அவர் பையில் வேறு என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

பி.எஸ்ஸி. மாணவர், திருநெல்வேலி: எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்த விஷயம் எப்போதோ தெரியும், மறைத்துவிட்டார்கள் என்று ரீல்ஸில் பார்த்தேன். உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

உண்மை, தம்பி. ரீல்ஸில் வருவதில் உண்மையும் கொஞ்சம் இருக்கும். எக்ஸான் என்கிற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் கதை காகிதத்தோடு இருக்கிறது.

1977-ல் எக்ஸானின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், கம்பெனியின் மேல்மட்ட நிர்வாகிகள் முன்னால் நின்று, எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் பூமி சூடாகிறது என்று விளக்கினார். மறு வருடம் அதை எழுதியும் கொடுத்தார், எரிசக்தி விஷயத்தில் கடினமான முடிவுகளை எடுக்க இன்னும் ஐந்து முதல் பத்து வருடம்தான் அவகாசம் என்று. நிர்வாகமும் அப்போது அலட்சியமாக இருக்கவில்லை. 1979-ல் 'எஸ்ஸோ அட்லாண்டிக்' என்கிற தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகளைப் பொருத்தி, போகிற வழியெல்லாம் கடலிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளந்தார்கள். 1982-ல் உள்ளுக்குள் சுற்றிய ஒரு குறிப்பில் வரைபடம் ஒன்று இருக்கிறது: 2020 வாக்கில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 415 பங்கைத் தாண்டும் என்று கோடு போட்டிருக்கிறார்கள். 2019 மே மாதம் ஹவாய்த் தீவின் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில் அந்த எண் தாண்டியது. நம் ஊர் வானிலை அறிவிப்பு நாளைய மழைக்கே தடுமாறுகிறது, இவர்கள் 37 வருடம் முன்னால் போட்ட கணக்கு பிசகவில்லை. 2023-ல் 'சயின்ஸ்' இதழில் மூன்று ஆய்வாளர்கள் எக்ஸானின் பழைய கணிப்புகளையெல்லாம் எடுத்து வைத்துச் சரிபார்த்தார்கள், 63 முதல் 83 சதவீதம் வரை சரியாக இருந்தன.

அப்புறம் என்ன செய்தார்கள்? ஆராய்ச்சிக்குக் காசு குறைந்தது, சந்தேகம் கிளப்புவதற்குக் காசு கூடியது. எண்ணெய், நிலக்கரி, கார்க் கம்பெனிகள் சேர்ந்து 1989-ல் ஒரு கூட்டணி அமைத்தன. வேலை என்னவென்றால், "இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. 1997 அக்டோபரில், புகையைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்னால், எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெட்ரோலிய மாநாட்டுக்குப் போய், பூமி 20 வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது குளிர்ந்திருக்கிறது என்றே பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வளரும் நாடுகளின் அதிகாரிகளும் இருந்தார்கள், அவர்களைப் பார்த்து அவசரப்படாதீர்கள் என்பதுதான் பேச்சின் சாரம். தன் கம்பெனியின் இழுப்பறையில் கிடந்த கணக்கு அதற்கு நேர் எதிர். அவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த மொத்தத் தொகை சுமார் 40 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

எனக்கு இதைவிட உறுத்துகிற விஷயம் ஷெல் என்கிற இன்னொரு எண்ணெய்க் கம்பெனி செய்தது. 1989-ல் வடகடலில் தாங்கள் கட்டவிருந்த எரிவாயு மேடையை, கடல் மட்டம் உயரப்போகிறது என்பதைக் கணக்கில் வைத்து ஒன்றிரண்டு மீட்டர் உயரமாக வடிவமைத்தார்கள். தங்கள் இரும்புக்குச் செய்த இந்த முன்னேற்பாட்டை ஊருக்குச் சொல்லி எச்சரிக்க மட்டும் மனது வரவில்லை. தெரியாமல் செய்தவனையும் தெரிந்தே செய்தவனையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

வணிகர், ஈரோடு: பணக்காரனைத் திட்டுவது உங்களுக்கு ஃபேஷன். அவன் உழைத்துச் சம்பாதித்தான், தனி விமானத்தில் போகிறான். உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

வயிறு எரியவில்லை, எரிபொருள்தான் எரிகிறது. 2023-ல் உலகத்துத் தனி விமானங்கள் வெளியிட்ட கரியமில வாயு குறைந்தது 1 கோடியே 56 லட்சம் டன், 2019-ஐ விட 46 சதவீதம் அதிகம். நடுவில் கொரோனா வந்து போனதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உலகம் முடங்கிக் கிடந்த வருடங்கள் நடுவில் வந்தும் இவர்கள் பறப்பது கூடியிருக்கிறது. அந்தப் பயணங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை 500 கிலோமீட்டருக்கும் உட்பட்டவை. ஈரோட்டிலிருந்து சென்னை 400 கிலோமீட்டர், நீங்கள் சேரன் எக்ஸ்பிரஸில் படுத்தால் விடிகாலையில் இறங்குகிற தூரம்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும், இது விமானப் புகை மொத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான். தனி விமானத்தை மட்டும் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தால் பெரிய மீன் தப்பித்துவிடும். உலக மக்களில் 1 சதவீதம் பேர்தான் பயணிகள் விமானப் புகையில் பாதிக்குப் பொறுப்பு என்று ஓர் ஆய்வு 2020-ல் சொன்னது. 2018-ல் உலகத்தில் நூற்றுக்கு 11 பேர்தான் விமானமே ஏறியிருக்கிறார்கள்.

வணிகர் என்கிறீர்கள், ஆகவே வரிக்கணக்கு ஒன்று. உங்கள் கடைப் பையன் டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறானே, அவன் போடுகிற பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரி, மத்திய கலால் ஒன்று, மாநில வாட் ஒன்று. வெளிநாட்டுக்குப் பறக்கிற விமானத்தின் எரிபொருளுக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் வரியே கிடையாது. 1944-ல் போட்ட சிகாகோ உடன்படிக்கையும், அதற்குப் பின் நாடுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களும் அப்படி. போர் முடியும் தருணத்தில், விமானப் போக்குவரத்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் கொடுத்த சலுகை அது. குழந்தை வளர்ந்து தாத்தா ஆகிவிட்டது, சலுகை அப்படியே நிற்கிறது. உழைத்துச் சம்பாதித்தவர் பறக்கட்டும். எக்ஸெல் பையன் கட்டுகிற மாதிரி வரி கட்டிவிட்டுப் பறக்கட்டும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பொறியாளர், ஓசூர்: உண்மையான காரணம் மக்கள்தொகை. அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நிறையப் பேர் பேசுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஏசி அறையில் இருந்து. உலகில் பிள்ளைகள் அதிகம் பிறக்கிற நாடுகளில் ஒன்று நைஜர், அங்கே ஆளுக்கு வருடம் கால் டன் புகைகூட இல்லை. ஆப்பிரிக்கா முழுவதும் உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல், புகையில் சுமார் 4 சதவீதம். தலையை எண்ணினால் குற்றவாளி ஏழையாகத் தெரிவார், டன்னை எண்ணினால் வேறு முகம் தெரியும்.

வங்கி ஊழியர், நாகர்கோவில்: பேராசை மனித சுபாவம். புத்தர் சொல்லியும் திருந்தவில்லை, வள்ளுவர் வெஃகாமை என்று ஓர் அதிகாரமே எழுதியும் திருந்தவில்லை. நீங்கள் எழுதியா திருந்தப்போகிறார்கள்?

திருந்த வேண்டாமே. முதலாளிகளின் மனதைத் திருத்துகிற வேலையை நான் கையில் எடுக்கவில்லை, எடுத்தாலும் நடக்காது. காரணம், ஓர் ஆள் திருந்தினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. மறுபடியும் பி.பி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் புதிதாகத் தலைவரான பெர்னார்ட் லூனி, 2030-க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்று அறிவித்தார். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்று அந்த அளவுக்கு இறங்கி வந்தது அதுவே முதல் தடவை, சூழலியலாளர்கள்கூடக் கொஞ்சம் கைதட்டினார்கள். பிறகு உக்ரைன் போர் வந்தது, எண்ணெய் விலை ஏறியது. 2022-ல் பி.பி.க்கு 2,770 கோடி டாலர் லாபம். ஷெல்லுக்கு 3,990 கோடி, அந்தக் கம்பெனியின் நூறு வருடத்துக்கு மேலான சரித்திரத்திலேயே அதிகம். எக்ஸான்மொபிலுக்கு (மேலே சொன்ன எக்ஸானின் இன்றைய பெயர்) 5,570 கோடி. அதே குளிர்காலத்தில் பிரிட்டனில் ஹீட்டர் போட்டால் பில் கட்டமுடியாது என்று வயதானவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவு லாபம் வந்த கையோடு, 2023 பிப்ரவரியில் அந்த 40 சதவீதம் 25 ஆனது. லூனி வேறொரு விவகாரத்தில் பதவி விலகினார், புதியவர் வந்தார், கம்பெனியில் சுமார் 5 சதவீதப் பங்கை வாங்கிய எலியட் என்கிற முதலீட்டு நிறுவனம் நெருக்கியது. 2025 பிப்ரவரியில் இலக்கையே கைவிட்டு, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வருடம் 1,000 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்தார்கள். டிரைவர் மாறுவார், பஸ் அதே ரூட்டில்தான் போகும். ரூட்டை எழுதுவது பங்குதாரர்கள், அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லாபக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

ஆகவே வெஃகாமை அதிகாரத்தை நாம் வீட்டில் படிப்போம். கம்பெனிக்கு வேண்டியது சட்டமும் வரியும். பிரிட்டன் 2022 மே மாதம் எண்ணெய் லாபத்துக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது, அடுத்த ஜனவரியில் அதை 35 ஆக்கியது. போட்டது தொழிற்கட்சி இல்லை, கன்சர்வேடிவ் கட்சி. எதிர்த்துக்கொண்டே இருந்தவர்கள், மக்கள் கோபம் ஏறியதும் போட்டார்கள். (புதிதாகத் தோண்ட முதலீடு செய்தால் அதில் பெரிய கழிவு உண்டு என்று ஒரு ஓட்டையும் வைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.)

மீனவர் சங்க உறுப்பினர், எண்ணூர் பக்கம்: அமெரிக்காக்காரன், ஐரோப்பாக்காரன் என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஆற்றில் சாம்பல் கொட்டியது அவனா? முட்டி அளவுக்குச் சாம்பல் படிந்து ஆறு தூர்ந்துபோச்சு, இறால் பாடு போச்சு. இந்தக் கணக்கை யார் எழுதுவது?

இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் உடைந்து வழிவதும், அந்தச் சாம்பலில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவர்களின் பிழைப்பு போனதும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். மின்சாரம் நகரம் முழுக்கப் போகிறது, சாம்பல் மட்டும் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் தங்கிவிடுகிறது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே மின்சாரத்தை அனுபவிப்பவர் ஒருவர், விலை கட்டுபவர் ஒருவர்.

டெல்லியில் இருந்து போகிற நம் பிரதிநிதிகள் உலக மாநாடுகளில் சொல்வது தப்பில்லை. இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி, இந்தியாவுடையது சுமார் 3, 4 சதவீதம். ஆனால் அந்த 2 டன் சராசரி ஒரு போர்வை, அதற்குள் 27 மாடி வீடும் இருக்கிறது, உங்கள் குப்பத்து வீடும் இருக்கிறது. 2024 மார்ச்சில் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்ட கணக்குப்படி, 2022–23-ல் இந்தியாவின் மேல் 1 சதவீதத்தினர் கையில் நாட்டுச் சொத்தில் 40.1 சதவீதம், வருமானத்தில் 22.6 சதவீதம். வருமானத்தில் அந்தப் பங்கு வெள்ளைக்காரன் காலத்தில்கூட அவ்வளவு இருந்ததில்லை. வெளியே போய் "நாங்கள் ஏழை நாடு" என்று சொல்லும்போது அந்த ஏழையின் முகத்தைக் காட்டுகிறோம், உள்ளே வந்து வரி போடும்போது அந்த முகம் மறந்துவிடுகிறது. வாரிசுச் சொத்து மீதான வரி 1985-ல் போனது. சொத்து வரி என்று ஒன்று இருந்தது, நகராட்சி வீட்டு வரி இல்லை, பெருஞ்சொத்து மீதான மத்திய வரி, அதை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். வருடத்துக்கு 1,008 கோடிதான் வருகிறது, வசூலிக்கச் செலவு அதிகம் என்றார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் வந்தது. அது வருமானத்தின் மேல். பங்காகவும் நிலமாகவும் குந்தியிருக்கிற சொத்தை அது தொடாது.

இன்னொன்று சொல்கிறேன், இது உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசவேண்டியது. 2010-ல் மத்திய அரசு நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று ஒரு செஸ், அதாவது குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்குகிற கூடுதல் வரி, போட்டது. தூய எரிசக்திக்கென்று தனி நிதி, அதில் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. 2016-க்குள் அது 400 ரூபாய் ஆனது. உலகத்தில் பல பணக்கார நாடுகள் யோசித்துக்கொண்டிருந்தபோது நாம் நிலக்கரிக்கு விலை வைத்துவிட்டோம், பெருமைப்படவேண்டிய விஷயம்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களுக்கு நஷ்ட ஈடு கொடுக்கிற கணக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. 2025 செப்டம்பரில் செஸ்ஸே எடுக்கப்பட்டு, நிலக்கரிக்கு 5 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 18 ஆனது. கரியின் பேரைச் சொல்லி வாங்கிய காசில் கரியால் கெட்ட ஆற்றைத் தூர்வார எவ்வளவு வந்தது என்று நீங்கள் கேட்கலாம். ஆர்டிஐ மனுவுக்குப் பத்து ரூபாய்தான்.

கல்லூரி மாணவி, கோவை: உங்கள் வீட்டில் ஏசி இருக்கிறதா?

இருக்கிறது, மே மாதம் ஓடுகிறது. பகலில் தார்ச்சாலை போட்டுவிட்டு வந்து தகரக்கூரைக்குள் தூங்குகிறவருக்கும் அது கிடைக்கவேண்டும் என்பது என் கட்சி. என்னைக் கழற்றச் சொல்கிறீர்களா, அவருக்கு மாட்டச் சொல்கிறீர்களா என்பதை முடிவு பண்ணிவிட்டு மறுபடி எழுதுங்கள்.

வழக்கறிஞர், மதுரை: பாதிக்கப்பட்ட ஒருவர் இந்தப் பெரிய கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுக்கமுடியுமா? சட்டப்படி காரணத் தொடர்பைக் காட்டுவது கஷ்டம் இல்லையா?

ஒருவர் இழுத்திருக்கிறார், பத்து வருடம். பெரு நாட்டில் ஆண்டீஸ் மலைக்குக் கீழே வராஸ் என்று ஒரு நகரம். மேலே பல்காகோச்சா என்ற பனியாற்று ஏரி, 1941-ல் அது உடைத்துக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். பனியாறு உருக உருக ஏரி மறுபடி வீங்கிக்கொண்டே போகிறது. அந்த ஊரில் சவுல் லூசியானோ லியூயா என்கிற விவசாயி, மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியும்கூட. அவர் 2015-ல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து நீதிமன்றத்தில் ஆர்.டபிள்யூ.இ. என்கிற மின் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். அந்தக் கம்பெனி பெருவில் ஒரு பல்புகூட எரித்ததில்லை. அவர் வாதம்: தொழிற்புரட்சிக்குப் பின் உலகம் விட்ட புகையில் உன் பங்கு 0.47 சதவீதம் (மேலே சொன்ன ஹீடியின் பட்டியலிலிருந்து எடுத்த எண்), ஆகவே என் ஊரைக் காப்பாற்ற ஆகும் செலவில் 0.47 சதவீதம் கொடு. கேட்ட தொகை சுமார் 17,000 யூரோ. கம்பெனி அதை ஒரு மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் தூக்கிக் கொடுத்திருக்கலாம், கொடுத்தால் வழக்கம் ஆகிவிடும் என்றுதான் பத்து வருடம் வக்கீல் வைத்து ஆடியது.

முதல் நீதிமன்றம் 2016-ல் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் ஹாம் நகர உயர்நீதிமன்றம் 2017-ல் சாட்சியம் எடுக்கலாம் என்றது, 2022-ல் நீதிபதிகளே வராஸ் வரை போய் அவர் வீட்டையும் ஏரியையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 2025 மே 28 அன்று தீர்ப்பு. அவர் தோற்றார். அடுத்த 30 வருடத்தில் வெள்ளம் அவர் வீட்டைத் தொட வாய்ப்பு 1 சதவீதம் அளவுதான், அது போதாது என்றார்கள். ஆனால் தீர்ப்பின் மற்றப் பாதிதான் உங்கள் கேள்விக்குப் பதில்: பெரும்புகை விட்ட கம்பெனி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நேரும் ஆபத்துக்கும் ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் கீழ் பொறுப்பேற்க வேண்டி வரலாம், தூரத்தைக் காட்டித் தப்பமுடியாது. அடுத்த வழக்குக்குக் கதவு திறந்தாயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 23 அன்று, சர்வதேச நீதிமன்றமும் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. நாடுகளுக்குப் பருவநிலையைக் காக்கும் கடமை உண்டு, மீறினால் இழப்பீடு கொடுக்கவும் நேரலாம் என்று. அதைக் கிளப்பியவர்கள் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள், அவர்கள் 2019-ல் தொடங்கியதை வனுவாட்டு என்கிற குட்டி நாடு ஐ.நா. வரை தூக்கிக்கொண்டு போனது.

நீதிமன்றத்துக்கு வெளியே நிலவரம் சுமார்தான். 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 1,700-க்கும் மேல் இறந்தார்கள், சேதமும் நஷ்டமும் சேர்ந்து 3,000 கோடி டாலர். உலகப் புகையில் பாகிஸ்தானின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. அந்த வருடம் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் இழப்பீட்டு நிதி என்று ஒன்று ஒத்துக்கொள்ளப்பட்டது, அடுத்த வருடம் துபாயில் எல்லாருமாக வாக்குக் கொடுத்தது சுமார் 70 கோடி டாலர். அமெரிக்கா அதில் 1.75 கோடி. ஒற்றை நாட்டின் ஒற்றை வெள்ளத்தோடு வைத்துப் பாருங்கள்.

பட்டயக் கணக்காளர், திருச்சி: சொத்து வரி எல்லாம் பேச நன்றாக இருக்கும். போட்டால் பணக்காரர்கள் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஓடிவிடுவார்கள். அப்போது என்ன செய்வீர்கள்?

கொஞ்சம் பேர் ஓடுவார்கள், மறுக்கவில்லை. ஒரு நாடு தனியாகப் போட்டால் ஓட இடம் இருக்கும், அதனால்தான் 2024-ல் ஜி20 தலைமை பிரேசிலிடம் இருந்தபோது கேப்ரியல் ஸுக்மன் என்கிற பிரெஞ்சுப் பொருளாதார நிபுணரை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஒரு திட்டம் எழுதச் சொன்னார்கள். உலகில் 100 கோடி டாலருக்கு மேல் சொத்து உள்ளவர்கள் சுமார் 3,000 பேர். அவர்கள் இப்போது கட்டுகிற வரி அவர்கள் சொத்தில் 0.3 சதவீதம் அளவு. அதைக் குறைந்தபட்சம் 2 சதவீதம் ஆக்கினால் வருடத்துக்கு 20,000 முதல் 25,000 கோடி டாலர் வரும் என்பது அவர் கணக்கு. ஏழை நாடுகளின் பருவநிலைச் செலவுக்கு வருடம் 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் சத்தியம் செய்து, 2020-க்குள் தரவேண்டியதை 2022-ல்தான் எட்டிப்பிடித்தன. 3,000 பேரின் 2 சதவீதம் அதைப்போல இரண்டு மடங்கு.

ஒரு தேசம் ஏற்கெனவே ஓட்டப்பந்தயத்தைப் பார்த்துவிட்டது. நார்வே 2022-ல் சொத்து வரியைக் கூட்டியபோது பெரும் பணக்காரர்கள் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இதில் வேடிக்கை, சுவிட்சர்லாந்திலும் சொத்து வரி உண்டு, அங்கே மாகாணங்கள் நூறு வருடத்துக்கும் மேலாக வசூலிக்கின்றன. ஓடிப்போனவர்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நார்வேயைவிடக் கொஞ்சம் குறைவாக. நார்வே வரியை விடவில்லை. 2024-ல் வெளியேறுகிறவர்களுக்கான சட்டத்தை இறுக்கியது: நாட்டில் இருந்தபோது ஏறிய பங்கு மதிப்புக்குரிய வரியை, எந்த ஊருக்குப் போனாலும் 12 வருடத்துக்குள் கட்டித் தீர்க்கவேண்டும்.